ஒரு மீட்டர் தள்ளி நின்றவள்

இது நடந்தது. கோயமுத்தூரில், போன வருடம் ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு நடந்தது. மருத்துவமனையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மற்றபடி ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்லவில்லை.

டாக்டர் நஸ்ரியா பேய்க்குப் பயந்த ஆள் கிடையாது. கண்ணுக்குத் தெரியாததை அளந்து பார்ப்பதுதான் அவள் படிப்பே. அணு மருத்துவம். கதிர்வீசும் மருந்தை உடம்புக்குள் அனுப்பி நோயைத் தேடுவார்கள்; சில நோய்களை அதைக் கொண்டே எரித்துவிடுவார்கள். அப்போது அவளுக்கு மேற்படிப்பில் கடைசி வருடம்.

"பிரசவம் பாக்கற டாக்டராகும்னு பாத்தா, எம்புள்ள அணுகுண்டு டாக்டராயிருச்சு," என்பார் அவளுடைய அத்தா அப்துல் வஹீது. டவுன்ஹால் பக்கம் பாத்திரக்கடை வைத்திருப்பவர். "பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"கிட்ட வந்தா சுட்டுரும்னு சொல்லுங்கத்தா."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த பெண்தான்.

மௌனிகாவுக்கு இருபத்தேழு வயது. சிங்காநல்லூர்க்காரி. கணவன் சாய்சரண் பம்ப்செட் பட்டறையில் வேலை. எட்டு மாதக் குழந்தை, வம்சி. அவளுக்குத் தைராய்டில் புற்று. அறுவை முடிந்து, மிச்சம் மீதியை எரிக்கக் கதிர்வீசும் அயோடின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை விழுங்கினால் அந்த ஆளே கொஞ்ச நாளைக்குக் கதிர் வீசுவார். அதனால் தனி அறை. ஈயம் பதித்த கதவு. துணைக்கு யாரும் இருக்கக் கூடாது. கதவு மூடியிருக்கும்போது பேச்செல்லாம் இன்டர்காமில்தான்.

கதிர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தினமும் இரண்டு வேளை நஸ்ரியா வந்து அளப்பாள். கதவைத் திறந்து மௌனிகா மஞ்சள் கோட்டில் வந்து நிற்க வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று நஸ்ரியா கருவியை நீட்டுவாள். டிக்டிக்டிக்கென்று அது அடித்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை மாலை அளந்து முடித்ததும் இன்டர்காம் கரகரத்தது.

"ஏனுங் டாக்டரம்மா, எத்தனைங்க இன்னைக்கு?"

"எழுபத்தெட்டுங்க. அம்பதுக்குக் கீழ வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

"ஊட்டுக்குப் போனதும் வம்சியத் தூக்கலாமுங்களா?"

"மூணு வாரம் போகட்டுங்க. சின்னக் குழந்தை. அவனுக்கு ஆகாது."

"மூணு வாரமுங்களா... அதுக்குள்ள என்னைய மறந்துபோட்டான்னா?"

"பெத்தவளை யாராச்சும் மறப்பாங்களா?"

"உங்களுக்குக் கொழந்தை இருக்குதுங்களா டாக்டரம்மா?"

"இல்லீங்க."

"அதானுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் நஸ்ரியா கிளம்பும்போது கேமராத் திரையைப் பார்த்தாள். மௌனிகா தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்.

மறுநாள் விடியற்காலை ஐந்து முப்பத்தொன்று. நஸ்ரியா ஸ்கூட்டரை நிறுத்தினாள். இந்தத் துறையில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். ஸ்கேனுக்கான மருந்து வண்டியில் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் பாதி வீரியம் போய்விடும் மருந்து அது, காத்திருக்காது. அந்த அவசரத்தில் கைபேசியை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டாள்.

ஐந்து முப்பத்தாறு. வராந்தாவில் யாரும் இல்லை. இரவு நர்ஸ் ரம்ஷாவின் நாற்காலி சுவரோரம் கிடந்தது. மேசையில் பாதி குடித்த டீ. ஆடை கட்டியிருந்தது.

உள்ளே நோயாளி இருக்கும்வரை அறைக் கதவின் மேல் எரியும் சிவப்பு விளக்கு... அணைந்திருந்தது.

பல்பு போய்விட்டது போல என்று நினைத்தாள். வண்டி வருவதற்குள் மௌனிகாவை அளந்துவிடலாம் என்று கருவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். வழக்கமாகக் கதவுக்குப் பத்தடி இருக்கும்போதே மெதுவாகச் சத்தம் தொடங்கும். அன்று தொடங்கவில்லை.

ஐந்து நாற்பது. கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. மௌனிகா மஞ்சள் கோட்டில் வந்து நின்றாள்.

அந்த அறையின் தரை முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்பு. கால் வைத்தால் சரக்... சரக்கென்று கேட்கும்.

கேட்கவில்லை.

"நேரத்துலயே எந்திரிச்சுட்டீங்களா?"

"தூக்கமே இல்லீங்க டாக்டரம்மா."

நஸ்ரியா கருவியை நீட்டினாள். 0.1.

வெறும் சுவரைக் காட்டினால் வரும் எண் அது.

கருவியைத் தட்டினாள். 0.1. மேசைக்கு ஓடிப்போய், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும், லேசாகக் கதிர்வீசும் சிறிய வில்லையிடம் காட்டினாள். டிக்டிக்டிக். கருவியில் குறை இல்லை.

திரும்பி வந்தாள். மௌனிகா அசையாமல் அதே இடத்தில் நின்றாள்.

0.1.

"எத்தனைங்க?"

"ஒண்ணுமே... இல்லீங்க."

"அப்ப வம்சியத் தூக்கலாமுங்களா?"

ஒரே ராத்திரியில் எழுபத்தெட்டு எப்படி ஒன்றுமில்லாமல் போகும்? போகாது. நஸ்ரியாவுக்கு அது தெரியும். பெரிய டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் கையிலிருக்கும் கருவி சொல்வதை நம்பு என்றுதான் மூன்று வருடமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதிரே அந்த முகம் வேறு.

"இந்த அளவுன்னா... தூக்கலாங்க."

மௌனிகா சிரித்தாள். அந்த ஐந்து நாளில் அவள் சிரித்து நஸ்ரியா பார்த்தது அப்போதுதான். அப்போது மணி ஐந்து நாற்பத்திரண்டு.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"இருங்க, கையெழுத்துப் போட்டு மருந்தை வாங்கிட்டு வாரேன்."

"வாரேனுங்க," என்றாள் மௌனிகாவும்.

ஐந்து ஐம்பத்தெட்டு. நஸ்ரியா திரும்பி வந்தாள்.

கதவு பூட்டியிருந்தது.

குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. இப்போது ஒட்டியது இல்லை... ஓரம் சுருள ஆரம்பித்திருந்தது.

கேமராத் திரையைப் பார்த்தாள். கட்டில் வெறுமையாக இருந்தது. விரிப்பைக்கூட எடுத்திருந்தார்கள்.

பின்னால் காலடிச் சத்தம்.

ரம்ஷா.

"அக்கா, போனை எங்க வெச்சீங்க? ஆறு தடவை கூப்பிட்டேன்." கண் சிவந்திருந்தது. "மௌனிகாவுக்கு ரெண்டு அம்பதுக்கு மூச்சுத் திணறல். ஐ.சி.யு.வுக்குக் கொண்டு போனோம். நெஞ்சுல ரத்தக்கட்டின்னாங்க. நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு... முடிஞ்சுபோச்சுக்கா."

"ரம்ஷா, நான் இப்பத்தான் அளந்தேன்."

"எங்க? ஐ.சி.யு.ல நீங்க இல்லியே. சசிதர் சார்தான் அளந்தாரு. உடம்பைக் குடுக்கறதுக்கு முன்னால அளக்கணுமில்ல?"

சசிதர் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. தேதி, நேரத்தோடு அவர் கையால் எழுதி வைத்திருந்ததை நஸ்ரியா போய்ப் பார்த்தாள்.

ஐந்து நாற்பது. அறுபத்தொன்பது.

உயிர் போனாலும் கதிர் உடனே போய்விடாது. உடம்பைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். யாரும் மேலே விழுந்து அழ வேண்டாம் என்றார்கள். குழந்தையைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது என்றார்கள். சாய்சரண் சொன்னபடி கேட்டான். வம்சியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்றான். வண்டி அவர்களைத் தாண்டிப் போனது.

நஸ்ரியா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை விடச் சொல்வார்கள், இல்லையென்றால் தூங்கச் சொல்வார்கள். வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் பகல் பதினொன்றேகால். சாய்சரண் குழந்தையோடு வந்து நின்றான்.

"டாக்டருங்க, இவனைக் கொஞ்சம் அளந்து பாருங்க."

"எதுக்குங்க? குழந்தை கிட்டயே வரலியே."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அன்னைக்கு ராத்திரி பூரா இவன் ஒரே அழுகைங்க. போன் சத்தத்துக்கு எந்திரிப்பான்னு அதை அமத்திப்போட்டுத் தூங்கிட்டேன். ஆறு மணி அஞ்சு நிமிஷம் இருக்குமுங்க. கதவு சத்தம் கேட்டுது. கண்ணைத் தொறந்தா... மௌனிகா. வந்துட்டியான்னேன். வந்துட்டேனுங்கன்னா. தொட்டில்ல இருந்து இவனை எடுத்தா. ஏம்மா, மூணு வாரம்னாங்களேன்னு கேட்டேனுங்க."

நஸ்ரியா பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"'டாக்டரம்மா அளந்து பாத்துட்டாங்க. தூக்கலாம்னுட்டாங்க'ன்னா."

அதை நஸ்ரியா சொல்லும்போது அந்த வராந்தாவில் வேறு ஒரு ஆள்கூட இல்லை.

"அப்படியே தூங்கிப்போட்டனுங்க. ஆறு இருவதுக்கு எந்திரிச்சுப் போனை எடுத்தா, ஆஸ்பத்திரியில இருந்து. தவறிட்டாங்கன்னாங்க. இங்கதான இருக்கான்னு சொல்லிக்கிட்டே திரும்பிப் பாத்தேன். இவன் தொட்டில்ல இல்ல. பாயில அவ படுக்கற பக்கம், ஒருக்களிச்சுத் தூங்கறான். வாயோரம் பால்... அவளுக்குப் பால் நிறுத்தி ரெண்டு மாசமாச்சுங்க டாக்டருங்க."

நஸ்ரியா எழுந்தாள். கருவியை எடுத்தாள். வம்சியின் கழுத்தில் காட்டினாள். முதுகில், கையில், உதட்டோரம். முன்னும் பின்னுமாக எல்லா இடத்திலும் காட்டினாள்.

ஒரு சத்தமும் இல்லை.

"பயப்படாதீங்க. ஒண்ணுமில்லீங்க."

"இன்னொருக்காப் பாருங்க."

பார்த்தாள்.

"இல்லீங்க."

"கொஞ்சங்கூட இல்லீங்களா?"

"துளிகூட இல்லீங்க. பயமே வேண்டாம்."

சாய்சரண் குழந்தையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"பயந்துட்டு வரலீங்க டாக்டருங்க," என்றான். "அவ தூக்குனதுல ஏதாச்சும் துளி ஒட்டியிருக்கும்னுதானுங்க வந்தேன்."