நாக்கைச் சுட்ட சோப்பு

என் மனைவிக்கு முழுநேரத் தொழில் பயப்படுவதுதான். சோப்பு செய்வது பக்கத் தொழில். பின்கட்டு அறையில் காஸ்டிக் சோடா டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னல்களைத் திறந்துவைப்பாள், கண்ணாடி மாட்டுவாள், முழங்கை வரை கையுறை ஏறும், என்னையும் மகளையும் வாசலுக்கு விரட்டுவாள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து மூஞ்சியில் அடிக்கும் என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஆனால் விஷயம் தெரிந்தவள். எண்ணெய்க்குள் அமிலம் அடங்கியிருக்கிறது. காஸ்டிக்கோ முரட்டுக் காரம். இரண்டும் சரியான அளவில் சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கி சோப்பாகிவிடும். காரம் கூடிப்போனால் மிச்சம் சும்மா கிடக்காது, தேய்க்கிறவர் தோலையே அரிக்கும். லிட்மஸ் காகிதத்தை அவள் நம்புவதில்லை. நல்ல சோப்பும் கொஞ்சம் காரம்தான், காகிதம் எதற்கும் நீலமாகும். அதனால் ஒவ்வொரு முறையும் சோப்பை வாரக்கணக்கில் காயவிட்டு நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பாள். சுருக்கென்று அடித்தால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

அவள் தங்கைக்கு ரொம்ப வருடம் கழித்துக் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்காகத் தனியாகக் கொஞ்சம் சோப்பு செய்தாள். எப்போதும் தேங்காய் எண்ணெய்தான். இந்த முறை தோலுக்கு இதம் என்று முழுக்க ஆலிவ் எண்ணெய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சோப்புகளில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பினாள். இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

“தேங்கா எண்ணெய்க்கு எடுக்கற அளவையே எடுத்துட்டேங்க. அதுக்குதான் காஸ்டிக் நிறைய வேணும். ஆலிவுக்கு அவ்வளவு வேண்டாம். கை பழக்கத்துல அளந்துட்டேன்.”

“சரி விடு, தூக்கிப் போட்டுட்டா போச்சு.”

அவள் அலமாரியில் இருந்தவற்றை விரலால் எண்ணினாள். ஒன்று குறைந்தது. அறைக்குள்ளிருந்து மகள் சாவகாசமாகச் சொன்னாள்: “நேத்து சித்தி வீட்டுக்குப் போனேன்ல, அப்ப ஒண்ணு எடுத்துட்டுப் போனேம்மா. பாப்பாவுக்குன்னு சொன்னியே.”

தங்கைக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். “குளிப்பாட்டறா,” என்றாள் என் மனைவி. “இந்த நேரத்துலதான் குளிப்பாட்டுவா.” அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

நான் புத்திசாலித்தனமாக வினிகர் பாட்டிலை எடுத்தேன். காரத்துக்கு அமிலம் மாற்று என்று எனக்கும் தெரியுமே!

“வெந்த தோல்ல வினிகரா? பச்சைக் குழந்தைங்க அது! தண்ணிதான் ஊத்தணும், நிறையத் தண்ணி. வண்டிய எடுங்க.”

வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் அவள் முணுமுணுப்பு. கண்ணுக்குள் போயிருந்தால் என்ன செய்வது, அக்குளில் தங்கியிருந்தால் என்ன செய்வது, பத்து வருடம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. சிக்னலில் நின்றபோது என் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்னிடம் கிண்டல் ஒன்றும் மிச்சமில்லை.

படியேறும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. தொண்டை கிழிகிற அழுகை. இவள் கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

தங்கை திறந்தாள். தோளில் துண்டு சுற்றிய குழந்தை, தலை ஈரம்.

“அந்த சோப்பப் போட்டியா? சொல்லு, போட்டியா?”

“என்னக்கா ஆச்சு? இவனுக்குப் பசி, அதான் கத்தறான்.”

“சோப்பு!”

தங்கை என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “போடலக்கா.”

இவள் துண்டை விலக்கி முதுகு, கழுத்து, மடிப்புகள் எல்லாவற்றையும் பார்த்தாள். தோலில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் கைத்தவறைச் சொல்லி முடித்தாள். “நல்லவேளை, இன்னும் பிரிக்கல போலிருக்கு. எங்க அது?”

தங்கை அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டு முழுக்க என் மனைவியின் சோப்புகள். வருடக்கணக்காக ஒவ்வொரு முறையும் ஆசையாகக் கொடுத்தனுப்பியவை, ஒன்றுகூடப் பிரிக்காமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நேற்றையது முன்வரிசையில் இருந்தது.

“தப்பா நெனைக்காதக்கா. நீ செய்யறத ஒரு தடவை பக்கத்துல இருந்து பார்த்தேன். அன்னிலேருந்தே பயம். தூக்கிப் போடவும் மனசு வரல.”

என் மனைவி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு ஈரத்தலையை முகர்ந்தாள். கடைச் சோப்பு வாசனை எனக்கே அடித்தது.

“இதையே போடு,” என்றாள். “மாத்தாத.” பிறகுதான் அழ ஆரம்பித்தாள். பிள்ளை பிழைத்த நிம்மதிக்கு அவ்வளவு நேரம் அழ வேண்டியதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.