மச்சான் போட்ட பூட்டு

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் இரண்டு காதாலும் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வருகிறது.

நானும் என் மனைவியின் தம்பியும் ஆலை ஆலையாகப் போய் வேக்குவம் பிரேக்கர்களைச் சோதித்துக் கொடுப்பவர்கள். பெரிய மோட்டார்களுக்குப் போகும் கரண்டைச் சேர்ப்பதும் வெட்டுவதும் அந்த பிரேக்கர்தான். எங்களுக்கு ஒரு முறை உண்டு. பிரேக்கரை அது உட்காரும் பேனல் பெட்டியிலிருந்து வெளியே இழுத்ததும், யாரும் கரண்ட் போட்டுவிடாதபடி பேனல் கதவில் ஆளுக்கொரு பூட்டு. அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்க வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது, ஆள் நேரில் வர வேண்டும்.

அன்று ஞாயிறு மதியம். ஆலையை நிறுத்தியிருந்தார்கள். மச்சான் பக்கத்துக் கட்டடத்தில் மோட்டார் பெட்டிக்குள் கையை விட்டு கேபிள் மாட்டிக்கொண்டிருந்தான். நான் பேனல் அறையில், வெளியே இழுத்த பிரேக்கரின் வேக்குவம் பாட்டில்களுக்கு, அதாவது கரண்டை வெட்டும் காற்றில்லாக் குப்பிகளுக்கு, வோல்டேஜ் ஏற்றிப் பார்த்தேன். மூன்றும் தாங்கின. ஒயர்களையெல்லாம் கழற்றிச் சுருட்டி வைத்தேன்.

மேனேஜர் வந்தார். வந்ததுமே கத்தல்.

"இன்னுமா உருட்டிக்கிட்டு இருக்கீங்க? நாலு மணிக்கு மெஷின் ஓடணும்!"

"மச்சான் வந்து அவன் பூட்டைத் திறக்கட்டும் சார்."

அப்போது என் வாக்கி டாக்கி கரகரத்தது.

"மாமா... முடிஞ்சுது. போடுங்க."

மச்சான் குரல்தான். ஆனால் அவன் வாய் ஓயாதவன். தண்ணீர் கேட்பதற்கே நாலு கதை சொல்வான்.

"டேய், நேர்ல வாடா."

"மாமா... முடிஞ்சுது. போடுங்க."

அதே இழுப்பு. அதே இடைவெளி.

"அதான் சொல்லிட்டானே! போடுய்யா!"

"அவன் வராம கரண்ட் போட மாட்டேன்."

மேனேஜர் வெளியே போய்த் திரும்பினார். கையில் பூட்டு வெட்டும் கட்டர். எனக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே இருப்பது என் வீட்டுப் பிள்ளை. பேனலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"முதல்ல என்னை வெட்டுங்க. அப்புறம் பூட்டை வெட்டலாம்."

கிர்ர்ர்ர்...

இருவரும் திரும்பினோம். தரையில் நின்ற பிரேக்கர். அதன் ஸ்பிரிங்கை முறுக்கும் சின்ன மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது.

அதில் ஒரு ஒயர்கூட இல்லை.

டமார்!

பிரேக்கர் தானாக ஆன் ஆனது.

"மாமா... போடுங்க..."

கட்டரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

மச்சான் தோள்வரை கையை உள்ளே விட்டபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"டேய்... நீ கூப்பிட்டியா?"

"எதுல கூப்பிட? என் வாக்கி டாக்கி செட்டு காலையிலயே சார்ஜ் போய் பையில கிடக்கு. இந்த நட்டு வேற வர மாட்டேங்குது மாமா, இதை மாட்டினவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

அவனை வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டேன். அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

சாமான்களோடு கேட்டுக்கு வந்தபோது காவலாளி மெதுவாகக் கேட்டார்.

"குரல் வந்துச்சா?"

நான் சாமான்களைக் கீழே வைத்தேன்.

"போன ஷட்டவுன்லயும் வந்துச்சுங்க. உள்ள இருந்த ஆளோட குரல்லயே போடச் சொல்லுச்சு. பூட்டை வெட்டிப் போட்டாங்க. ஆள் கருகிட்டாரு. பொணத்தைத் தூக்கிட்டுப் போறப்பவும் செட்டுல அவர் குரல் 'போடுங்க, போடுங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"பூட்டை வெட்டினது யாரு?"

"இதே மேனேஜர்தான். அந்தச் செட்டும் அவர் கையிலதாங்க இருந்துச்சு."

எல்லாம் தெரிந்துதான் கட்டரோடு வந்திருக்கிறான், பாவி.