அப்பா பார்த்த பாலாறு

நேற்று பழையசீவரம் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம். ஜனம் இறங்கி செல்ஃபி எடுக்கிறது. பக்கத்து சீட்டுக்காரி, "சூப்பரா கீதுல்ல?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை இந்தச் சீமையில் கொண்டுவந்து கட்டிப்போட்டதே அந்தத் தண்ணீர்தான்.

சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நான் பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, காவிரியின் கடைமடையில். மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லார் வயலையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வரும். அதற்கப்புறம் கடல்தான். ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குக் காத்துக்கிடந்த அப்பா, ஓர் ஐப்பசி மழையில் உத்திரமேரூர்ப் பக்கம் மாப்பிள்ளை பார்க்க வந்தார். திருமுக்கூடலில் பாலாற்றோடு இன்னும் இரண்டு ஆறும் சேர்ந்து கரைமுட்ட ஓடியது. மாப்பிள்ளை முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, மனுஷர். "ஆறா அது! எதிர்க்கரையே தெரியல. எம்பொண்ணு சோத்துக்குக் கஷ்டப்படாது" என்று தட்டு மாற்றிக்கொண்டார்.

வைகாசியில் கல்யாணமாகி வந்து பார்த்தால், ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். "தண்ணி எங்கே அத்தே?" என்றேன். மாமியார், "ஆத்துல எப்பனாதான் வரும்மே. நமக்கு ஏரிதான் கீது" என்றாள். ஏரியையும் போய்ப் பார்த்தேன். மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஆடிக்கு ஊருக்குப் போனவள், திரும்ப மாட்டேன் என்று அழுதேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான் தப்பாப் பாத்துட்டேன். தங்கச்சி கல்யாணம் முடியட்டும்மா, நானே வந்து கூட்டியாந்துடறேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே புல் அறுத்தேன், பிள்ளை பெற்றேன். மூச்சு முட்டும்போதெல்லாம் புடவைகளை மடிக்க ஆரம்பிப்பேன். "இன்னாம்மே, ஊருக்குக் கெளம்பிக்கினு கீறியா?" என்று என் வீட்டுக்காரர் பம்முவார். நல்ல மனிதர்தான், பாவம். ஆனால் அந்தப் பயம் எனக்கு வேண்டியிருந்தது.

தங்கை கல்யாணம் முடிந்தது. அப்பா வரவில்லை. அங்கே சுற்றிலும் இறால் பண்ணை வெட்டினார்கள். உப்பு எங்கள் வயலுக்குள் இறங்கி நெல் கருகியது, கிணறு கரித்தது. கடைசியில் நிலத்தையும் வீட்டையும் பண்ணைக்காரரிடமே விற்றார்.

பிறகு ஒருநாள் வாசலில் வந்து நின்றார். இத்தனை வருஷம் கழித்தாவது கூட்டிப்போக வந்தாரே என்று நினைத்தேன். அவர் உள்ளேகூட வரவில்லை. "ஒங்க வீட்டுல எனக்கு ஒரு எடம் இருக்குமாம்மா?" என்றார்.

என் வீட்டுக்காரர்தான் ஓடிவந்து கையைப் பிடித்தார். "இன்னா மாமா, இதெல்லாம் கேட்டுக்கினு நிக்கிறீங்க?"

அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை வருகிறது. அவர் பயப்படுவதில்லை. கோபித்துக்கொண்டு போக எனக்கு ஊர் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.