மழை வருது, உப்ப மூடுங்க!

பிசியோதெரபி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வார்டில் ரொம்பச் சமர்த்தான பிள்ளையைக் கண்டால் சந்தேகப்படுங்கள். நான் படவில்லை.

வெண்ணிலாவுக்கு ஐந்து வயது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் செல்வியின் மகள். பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் முடிந்து, மூச்சுக்குழாயில் போட்ட டியூபை எடுத்த மறுநாள் போய்ப் பார்த்தேன். அழுகை இல்லை, அடம் இல்லை. "நல்ல ஒத்துழைப்பு" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் பெருமையாக வந்தேன்.

அடுத்த நாள் எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. சளி அடைத்துச் சுருங்கிவிட்டது. ஆக்சிஜன் அளவும் இறங்கத் தொடங்கியது.

பெரிய டாக்டர், "சாயந்திரம் வரைக்கும் டைம் தரேன்மா. தொறக்கலன்னா மறுபடியும் டியூப்தான்" என்றார்.

முதுகைத் தட்டினேன், பலூன் கொடுத்தேன், கெஞ்சினேன். சிரித்தாளே தவிர ஊதவில்லை. லேசாக இருமல் எட்டிப் பார்த்ததும் செல்வி, "சத்தம் போடாதடி கண்ணு" என்று மகளின் வாயைப் பொத்தினாள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏம்மா, அவ இருமணும்னுதானே நான் காலையிலேர்ந்து கத்தறேன்?"

"அழுதா நீலமா ஆயிடுவா மேடம். பொறந்ததுலேர்ந்து அழவே வுட்டதில்ல. மேகம் கட்டுனா, உப்பு கரைஞ்சிடும், மூடுங்கன்னு அளத்துல எல்லாரும் கத்துவோம். இவ மட்டும் வரப்பு மேல கம்முனு குந்தினு இருப்பா. இவளுக்கும் கத்த ஆசைதான்."

சலவைத் துண்டுகளைக் கட்டிலில் உப்புக் குவியல் போலக் குவித்தேன். நீலப் போர்வையை மேலே விரித்துப் பிடித்தேன்.

"வெண்ணிலா, மேகம் வந்திடுச்சு. நீதான் மேஸ்திரி. நீ கத்தினாத்தான் அம்மா உப்ப மூடுவாங்க."

அவள் அம்மாவைப் பார்த்தாள். வாயைப் பொத்த எழுந்த செல்வியின் கை பாதியில் நின்றது.

"கத்துடி," என்றாள்.

தையல் வலிக்காமலிருக்கத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு வெண்ணிலா, "மழ வருது!" என்றாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை, "உப்ப மூடுங்க!" என்று கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. கூடவே பெரிய இருமல். கெட்டிச் சளி வெளியே வந்து விழுந்தது.

செல்வி துண்டுகளை மூடவில்லை. மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் ஏறவில்லை. அப்புறம் செல்விதான் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

மாலை எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தது. டியூப் வேண்டாம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எந்தப் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னும், "இந்தப் பிள்ளைய என்னென்ன செய்யக்கூடாதுன்னு சொல்லி வளத்தீங்க?" என்று அம்மாவிடம் கேட்டுவிடுகிறேன். இதயத்தைச் சரிசெய்தாலும் பழைய பயம் வீட்டோடு இருந்துவிடுகிறது.

போன வாரம் செல்வி போன் செய்தாள்.

"மேடம், வெயில் கொளுத்துது, இவ மழை வருதுன்னு கத்துறா. மூணு வாட்டி எல்லாரும் தார்ப்பாய தூக்கினு ஓடிட்டோம். கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்களேன்."

"சொல்ல மாட்டேன்," என்றேன்.