அலாரக்கா வீட்டு ரசம்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. பிழைக்கப் போன தேசத்தில், அந்த அடுக்குமாடியில் இருந்த நம் ஆட்கள் வைத்த பெயர் அலாரக்கா. வீட்டுக் கூரைகளில் மாட்டியிருக்கும் புகை அலாரங்களைச் சோதிப்பதுதான் அவள் வேலை. தோளில் ஏணி, இடுப்பில் கருவிப் பை, முகத்தில் கறார். அவள் படியேறும் சத்தம் கேட்டாலே நம் ஆட்களின் அடுக்களைகளில் பரபரப்பு தொற்றிக்கொள்ளும்.

காரணம் இருக்கிறது. கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் வெடித்தால் அந்த அலாரங்களுக்குப் பொறுக்காது. ஒன்று அலறினால் கட்டடமே அலறும், எல்லோரும் தெருவில் இறங்கி நிற்க வேண்டும். அதனால் தாளிக்கும்போது, குளிக்கையில் தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பியை அலாரத்துக்கு மாட்டிவிடுவார்கள். அது அலாரக்கா கண்ணில் பட்டால் தொலைந்தது.

"நாக்கு செத்துப்போச்சுக்கா. ஒரு ரசத்துக்குக்கூடவா தாளிக்கக் கூடாது?" என்று கீழ்வீட்டுக்காரி ஒருமுறை அழாத குறையாகக் கேட்டாள்.

"எனக்கு மட்டும் நாக்கு இல்லையா? தீப்பிடிச்சா உன் புள்ளையை எழுப்பப் போறது இதுதான். கழட்டு."

பொய்யில்லை. வந்த நாளிலிருந்து அலாரக்கா வீட்டில் தாளிப்பே கிடையாது. புளியைக் கரைத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு ஒரு கொதி; ரசம் என்று பெயர் மட்டும் இருந்தது. அலாரத்தை மூடிவைத்துத் தாளித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவளுக்குத் தெரியும். அந்த வீம்பில் அவளுக்கு அத்தனை பெருமை.

அப்புறம்தான் ஊரிலிருந்து கணவன் வந்து சேர்ந்தான். பெண்டாட்டி இளைத்துப்போனதைப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது உள்ளே கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் மூக்கைத் துளைத்தன. வாயில் எச்சில் ஊறியது, கண்ணிலும் நீர் முட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் அவளுடைய பூப்போட்ட தொப்பி.

"என்னங்க இது?"

"கீழ்வீட்டுல சொல்லிக் குடுத்தாங்க. ஒரு நாள்தானே, உக்காரு. சூடா ஊத்தறேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஐயோ வேணாம்மா, புகை அடங்கட்டும்! மானம் கப்பலேறிடும்!"

"ஏறட்டும். எத்தனை வீட்டுத் தொப்பியைக் கழட்டியிருக்கேன், நம்ம வீட்டுக்கு மட்டும் சலுகையா?"

பிடுங்கினாள். அலாரம் அலறியதில் காது கிழிந்தது.

கட்டடமே தெருவில் இறங்கியது; ஒருவர் தலையில் சோப்பு நுரையோடு நின்றார். "யார் வீடு?" "அலாரக்கா வீடாம்!" நம் ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஒருவன் ஆரம்பித்தான்.

கடைசியாக அவள் இறங்கி வந்தாள். ஒரு கையில் தொப்பி. மறு கையில், துணி சுற்றிப் பிடித்த ரசப் பாத்திரம். முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை.

"என் வீட்டு அலாரம் எப்படி அடிக்குது பாத்தீங்களா?" என்றாள்.

வாசற்படியில் உட்கார்ந்து, கரண்டியால் உள்ளங்கையில் ரசத்தை ஊற்றி உறிஞ்சினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் கிண்டல் வரவில்லை.

கீழ்வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேட்காமலே கை குவிந்தது. குடித்துவிட்டு உள்ளங்கையையும் நக்கினாள்.

"என் வீட்டுல இப்பவும் தொப்பி மாட்டித்தான் இருக்குக்கா," என்றாள். "போனதும் கழட்டிடறேன்."

"கழட்டு," என்று அவள் கையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள் அலாரக்கா.