முகத்தில் விழுந்த வெளிச்சம்

நான் சிரம்பானில் தொழில் செய்யும் வழக்குரைஞர். இன்று நீலாயில், ஆங்கிலேயப் படை காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய மலாயா அவசரகாலத்தின் புகைப்படக் கண்காட்சியில் நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே இங்குப் பதிகிறேன்.

உடன் வந்தவர் என் கட்சிக்காரர் செல்லம்மா. பெடாஸ் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்.

ஒரு படத்தின் முன் நின்றுவிட்டார். குண்டடிபட்ட இளைஞனின் சடலம். மார்பெல்லாம் இரத்தம், முகத்தில் மட்டும் வெளிச்சம்.

'அடையாளம் தெரியாத பயங்கரவாதி. ஒளியை ஆண்ட மாபெரும் கலைஞரின் படைப்பு' என்றது கீழிருந்த குறிப்பு.

"வெளிச்சம் தானா விழல, தம்பி" என்றார் செல்லம்மா என்னிடம். "சோல்ஜர் முடியப் புடிச்சித் தூக்கி கேமராவுக்குக் காட்டுனான். இது எங்கண்ணன் மாரிமுத்து. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனவரு லா."

"அப்பவே யாரும் அடையாளம் சொல்லலையா, ஆன்ட்டி?" என்றார் அருகில் வந்த கண்காட்சி அமைப்பாளர்.

"தோட்டத்து ஆளுங்க எல்லாரையும் பொணத்துக்கு முன்னால வரிசையா நடக்கவிட்டுப் பாத்தாங்க. அழுதா குடும்பத்தையே லாரில ஏத்தி ஜெயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. எங்கம்மா குனிஞ்சு பாத்துட்டு, 'தெரியாது'ன்னாங்க. அதனாலதான் நாங்க பொழச்சோம். இப்பவாச்சும் பேர எழுதுங்க."

"ஆதாரம் வேணுமே, ஆன்ட்டி."

செல்லம்மாவின் வாக்குமூலத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பரிசீலிப்பார்களாம்.

படமெடுத்தவர் பெயரைக் கேட்டேன். அதுவும் தெரியாதாம். ஆனால் அவர் மாபெரும் கலைஞர் என்பதற்கு மட்டும் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. சட்டம் படித்த நண்பர்கள் விளக்கலாம்.

ஒப்பம்: இரா. குணசீலன்
சாட்சிகள்: செல்லம்மா, கண்காட்சிக் காவலாளி ரஹ்மான்