மிஸ் ஆப்

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்கிற விளம்பரங்களை ஒரு வருடம் விடாமல் படித்தவள் நான். பாதி விளம்பரங்களில் கடைசி வரி ஒன்றேதான். இன்னின்ன ஏழு நாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும். அந்த ஏழில் மலேசியா கிடையாது. சிரம்பானில் ஒரு டியூஷன் சென்டரில் ஒன்பது வருடமாக நண்டும் சிண்டுமான பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணத்தை ஊட்டிவிட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "போங்கடா, நீங்களும் ஒங்க ஏழும்!" என்று லேப்டாப்பைப் பார்த்துத் திட்டுவேன்.

"யாருகூடடி சண்ட?" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

நானும் அம்மாவும்தான் வீட்டில். லாபு பக்கம் ஒரு எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் அப்பா செம்பனைக் குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினாள். நான் பட்டம் வாங்குவதற்கு முந்தைய வருடம் அப்பா போய்விட்டார். பட்டமளிப்புச் சட்டையும் தொப்பியும் போட்டு நான் எடுத்துக்கொண்ட படத்தை அவர் பார்க்கவில்லை.

கடைசியில் வியட்நாமில் ஒரு மொழிப் பள்ளி பதில் போட்டது. வீடியோவில் நேர்காணல். எதிரில் இருந்தவர் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "இவ்வளவு சுத்தமான ஆங்கிலத்தை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார். லண்டனில் மூன்று மாதம் இருந்தேன் என்று எதையாவது அளந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு ரோஷம் வந்துவிட்டது. "செம்பனைத் தோட்டத்தில்" என்றேன். மனிதர் சிரித்தார். மாதிரிப் பாடம் ஒன்று எடுக்கச் சொன்னார். இருபது நிமிடம் வெளுத்து வாங்கினேன். இரண்டு நாளில் வேலை உறுதி என்று கடிதம் வந்தது.

அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கோயிலில், கடையில், பஸ் நிற்கும் இடத்தில், பார்த்தவர்களிடமெல்லாம் அதே பேச்சுதான். "எம்மவ வெளிநாட்டுல போயி இங்கிலீஸ் சொல்லிக் குடுக்கப் போறா லா. சும்மா இல்ல, அவனுங்களே கூப்புட்டுருக்கானுங்க!"

அதற்குப் பிறகுதான் தாள்களின் திருவிழா தொடங்கியது. போலீஸ் நன்னடத்தைக் கடிதம், மருத்துவப் பரிசோதனை, பட்டத்துக்கு முத்திரை. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு ஹாயாக உட்கார்ந்திருந்தபோது அந்தப் பள்ளியின் அலுவலகப் பெண்ணிடமிருந்து ஒரு மின்னஞ்சல். மரியாதையான பெண். 'அன்புள்ள மிஸ் ஆப்' என்று தொடங்கியிருந்தாள்.

யார் அந்த ஆப் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் தமிழ்ப் பெண்ணின் பெயருக்கும் அவள் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ, பி என்று இரண்டு எழுத்து, நடுவில் ஒரு கோடு போட்டு எழுதுவார்கள். மலாயில் 'ஆனாக் பெரெம்புவான்', அதாவது மகள். பள்ளியின் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை மட்டும் அதில் போட்டால், நாலு பேர் என்னைக் கூப்பிடும்போது அவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்குமே என்று கூச்சம். அதனால் அந்த இரண்டு எழுத்தையும் முன்னால் சேர்த்துப் போட்டேன். கோட்டைக் கணினி ஏற்கவில்லை. கோடில்லாமல் தட்டினேன். முதலில் நின்ற அந்த இரண்டு எழுத்தையே அவள் குடும்பப் பெயராக்கி 'ஆப்' என்று படித்துவிட்டாள். நான் மிஸ் ஆப் ஆனது அப்படித்தான். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

கதை அதோடு முடியவில்லை. என் பட்டத்தில் அதே இடத்தில் ஆங்கிலத்தில் டி, ஓ என்று அச்சாகியிருந்தது. 'டாட்டர் ஆஃப்'. அதுவும் மகள்தான். எங்கள் ஊரில் இதை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அந்தப் பெண் கேட்டாள். 'பாஸ்போர்ட்டில் இருப்பது மிஸ் ஆப். பட்டம் வாங்கியவர் மிஸ் டோ. இருவரும் ஒருவரா? டோ என்பது எங்கள் நாட்டிலும் உள்ள குடும்பப் பெயர். உங்கள் முன்னோர் எங்கள் பக்கமா?'

வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இருவரும் ஒருவரே என்று பெற்றோரில் ஒருவர் சத்தியம் செய்து கொடுத்த பத்திரம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. பள்ளி திறக்கப் போவதால் பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அன்று திங்கள்.

புதன்கிழமை காலை அம்மாவைச் சிரம்பானுக்கு அழைத்துப் போனேன். கடை வீட்டு மாடியில் சத்தியப் பத்திரத்துக்கு முத்திரை குத்தும் அதிகாரி, வயதான மலாய்க்காரர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பத்திரத்தைப் படித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, பெரியம்மா என்று கூப்பிடுகிற மாதிரி மலாயில், "மாச்சிக், கணவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

அம்மா பத்திரத்தில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"வாயால் சொல்ல வேண்டும், மாச்சிக்."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லேன்டி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வாழ்நாளில் அம்மா வாயால் அப்பா பெயரை நான் கேட்டதே இல்லை. 'ஒங்கப்பா', 'அவரு', 'இந்தாங்க' இவ்வளவுதான். அர்ச்சனைச் சீட்டு எழுதும்போது என்னைத்தான் சொல்லச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் அடையாளக் கார்டை நீட்டிவிடுவாள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ, முப்பத்தைந்து வருடம் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறாள்.

"நான் சொன்னா செல்லாதும்மா. நீதான் சொல்லணும்."

"எப்படிடி சொல்லுவேன்?"

பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். அடுத்த நாள் கோலாலம்பூரில் இரண்டு அலுவலகத்தில் இதே பத்திரத்துக்கு முத்திரை வாங்கியாக வேண்டும். என் பொல்லாத கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அப்பா செத்துப் பத்து வருசமாச்சும்மா! இன்னும் யாருக்கும்மா இந்த மரியாத?"

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "செத்துட்டா புருசன் இல்லன்னு ஆயிடுமா?" என்றாள், சின்னக் குரலில்.

என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். "அம்மா, நான் ரெண்டு ஆளுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. நான் ஒருத்திதான், இன்னாரு மவதான்னு சொல்ல ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றேன்.

"சொன்னா ஒனக்கு வேல கெடச்சிருமா?"

"கெடச்சிரும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். பிறகு, தோட்டத்தில் காலைப் பெரட்டில் வரிசையாக நிற்பவர்களை மண்டோர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல, அந்த நாலெழுத்துப் பெயரை உரக்கச் சொன்னாள். பின்னால் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதிகாரி, "பாகுஸ், மாச்சிக், நன்றாகச் சொன்னீர்கள்" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

படி இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பில்லையேடி?" என்றாள்.

"தப்பே இல்லம்மா. அப்பா கேட்டிருந்தா ரெண்டு நாளைக்குச் சிரிச்சிக்கிட்டே இருந்திருப்பாரு."

வெள்ளிக்கிழமை காலை பத்திரத்தின் நகல் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வாரம் விசா வந்தது. ஏழு நாட்டுப் பட்டியலில் இல்லாத என் சிவப்பு பாஸ்போர்ட்டில் அது ஒட்டியிருப்பதைத் தடவித் தடவிப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? வகுப்பில் பிள்ளைகள் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அந்த அலுவலகப் பெண் கேட்டாள். இந்த முறை கூச்சப்படவில்லை. மிஸ் போட்டு அப்பா பெயரை எழுதி அனுப்பினேன்.

பள்ளி திறந்த முதல் வாரம், அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, போனை வகுப்பின் பக்கம் திருப்பினேன். ஏழு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் எழுந்து நின்று, "குட் மார்னிங், மிஸ்!" என்று சொல்லி, கூடவே அப்பாவின் பெயரைக் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுக் கத்தினார்கள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யே! இத்தினி பேரு அவரு பேரச் சொல்லுதுங்களே!"

சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். பிறகு முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"கடசி எழுத்த முழுங்குதுங்க பாரு. அப்படி இல்லடி, தப்பாச் சொல்லக் கூடாது. போன இன்னும் கிட்டக்கக் காட்டு."

காட்டினேன். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, தன் புருஷன் பெயரைச் சொன்னாள். இருபது பிள்ளைகளும் அவள் பின்னால் திருப்பிச் சொன்னார்கள்.